காளை தின்ற மருந்து

கரும்பு வெட்டக் கிளம்பும் முன் பிம்பள்தராவில் இரண்டு வேலை தவறாமல் நடக்கும். ஆண்கள் அரிவாளுக்குச் சாணை பிடிப்பார்கள். பெண்கள் டவுனுக்குப் போய்க் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வருவார்கள். இது குத்தல் பேச்சு இல்லை. அந்த ஊர்க் கிணற்றடியில் "பை எடுத்தாச்சா?" என்று கேட்பது, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போலத்தான்.

துவார்க்காவுக்குத் திங்கட்கிழமை என்று நாள் குறித்திருந்தது. குறித்தவர் தத்தோபா முகாதம். முகாதம் என்றால் மேஸ்திரி; ஊரில் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, தசரா முடிந்த கையோடு லாரியில் ஏற்றிச் சர்க்கரை ஆலைப் பக்கம் கொண்டுபோகிற மனிதர். அவர் கணக்கில் மனிதர்கள் கிடையாது, கொய்தாதான் உண்டு. கொய்தா என்றால் அரிவாள். ஆனால் ஒரு கொய்தா என்று அவர் சொன்னால், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்த ஒரு ஜோடி. முன்பணம் ஜோடிக்கு, கூலி ஜோடிக்கு, ஒருத்தர் ஒரு நாள் படுத்துவிட்டால் அபராதமும் ஜோடிக்கு. படுப்பது பெரும்பாலும் பெண்தான் என்பதால் மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி எல்லாம் முகாதமுக்கு அடியோடு பிடிக்காத சமாச்சாரங்கள். பையை எடுத்துவிட்டால் எல்லாச் சமாச்சாரமும் ஒரே நாளில் தீர்ந்தது என்பது அவர் கட்சி. டவுனில் அவருக்கு வேண்டிய டாக்டர் ஒருவர் இருந்தார். அந்த டாக்டருக்கும் அதே கட்சி.

துவார்க்காவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. இரண்டு வருடமாக அவளுக்கு வெள்ளைப்பட்டுக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீராக, பிறகு மஞ்சளாக, பிறகு வாடையோடு. கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றி லாரிப் பலகையில் ஏறும்போது அடிவயிற்றில் சுருக்கென்று இழுக்கும். புருஷன் அங்குஷோடு படுத்த மறுநாள் சேலையில் ரத்தக்கறை இருக்கும். அவள் யாரிடமும் சொல்லாமல் அதைத் துவைத்துப் போடுவாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? டவுன் டாக்டர் அவள் வயிற்றின் மேல் பசையைத் தடவி, மெஷினை ஓட்டி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள புண்ணாயிருக்கும்மா. விட்டா கேன்சர். குழந்தைதான் ரெண்டு ஆச்சே, இனிமே பை எதுக்கு?" என்றார். துவார்க்காவும் சரி என்று தலையாட்டிவிட்டாள். வலி அந்த மட்டுக்கு அவளைச் சலிக்க வைத்திருந்தது.

சலிப்பை மீறி அவளை உறுத்தியது ஒன்றே ஒன்று, அடுத்த வீட்டு ருக்மின். அங்குஷின் அண்ணன் பெண்டாட்டி. ஒரு காலத்தில் வரப்பில் நடந்தால் கொலுசுச் சத்தத்தை விட அவள் சிரிப்புச் சத்தம்தான் முதலில் கேட்கும். நாலு வருடம் முன்பு அவளுக்குப் பையை எடுத்தார்கள். இப்போது வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் புடைப்பதும், முறத்தை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை விசிறுவதுமாக இருந்தாள்.

"அக்கா, நெஜத்தைச் சொல்லு. எடுத்தப்புறம் நல்லாயிருக்கா?"

"வெள்ளைப்படுறது நின்னுச்சு."

"அதைக் கேக்கலை."

ருக்மின் முறத்தைக் கீழே வைத்தாள். "உடம்பெல்லாம் திகுதிகுன்னு எரியுதுடி. முட்டி வலி, இடுப்பு வலி. பையோட சேர்த்து வேற என்னத்தையோ எடுத்துட்டாங்களாம், அது எனக்கு இப்பத்தான் தெரியும். ஒரு கட்டுக் கரும்பு தூக்க முடியலை. போன வருஷம் உன் மச்சாண்டார் என்னை வீட்டுல விட்டுட்டு, தங்கச்சி மகனைக் கூட்டிட்டுப் போனாரு. முகாதம் சொன்னாராம், 'ருக்மின் அரைக் கொய்தாவுக்குக்கூட ஆக மாட்டா'ன்னு."

"எடுக்கச் சொன்னதே அவருதானே!"

"அவருக்கு அது ஞாபகம் இருந்தா நான் ஏன் இங்க கம்பு புடைக்கிறேன்?" என்று ருக்மின் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் மாவட்டத்தில் ஒரு விதி வந்திருந்தது. அரசு டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் யாருக்கும் பையை எடுக்கக்கூடாது. முகாதமுக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். "சும்மா ஒரு கையெழுத்து. போய் வாங்கிட்டு வந்துடு" என்று சனிக்கிழமை காலையில் துவார்க்காவைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அனுப்பியது தப்பாகப் போய்விட்டது என்று பின்னால் அவரே பலரிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

அங்கே இருந்தவர் டாக்டர் நஸீமா. குள்ளமாக, தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றி, பஸ் கண்டக்டர் மாதிரி குரலோடு இருந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் பேனாவை எடுக்கவில்லை.

"உன்னை உள்ள யாரு பாத்தா?"

"டவுன் டாக்டர், மேடம். டி.வி.ல பாத்தாரு."

"அது வயித்து மேல. கீழ, உள்ள, விளக்கு வச்சு?"

"ஐயோ, அப்படி யாரும் பாக்கலை."

"அப்ப நோய் வாசல்ல இருக்கான்னு பாக்காம, கூரையைப் பாத்துட்டு வீட்டை இடிக்கச் சொல்லியிருக்காங்க. வா, படு. கூச்சப்படாதே, எனக்கும் அதேதான் இருக்கு."

துவார்க்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உடம்பு தளர்ந்தது. கருவி குளிர்ந்தது, ஆனால் வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீயும் பாக்குறியா?" என்று டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்து, நர்ஸை விளக்கைத் திருப்பச் சொன்னார்.

இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. ஆனாலும் துவார்க்கா அதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தாள். உருண்டையாக, நடுவில் சின்னக் கோடு மாதிரி ஒரு துளையோடு. சுற்றிலும் சிவந்து வீங்கி, மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. டாக்டர் பஞ்சால் லேசாகத் தொட்டதும் ரத்தம் கசிந்தது.

"இதுதான் கர்ப்பப்பையோட வாய். உன் பைக்கு ஒண்ணும் கேடு இல்லை. வாய்தான் வெந்திருக்கு. கிருமி. மருந்துக்குக் கேக்கும்."

"கேன்சர்னு சொன்னாரே மேடம்…"

"கேன்சர்னு பயப்படுற மாதிரி இப்ப என் கண்ணுக்கு எதுவும் தெரியலை. புண்ணு ஆறட்டும். திரும்பி வா, ஒரு திரவம் தடவி அதையும் சோதிச்சுச் சொல்றேன். ஆமா, இதுக்கு முன்னாடி மருந்து எதுவும் சாப்பிட்டியா?"

"போன வருஷம் ஆலைக் கொட்டகைக்கு வந்த நர்ஸம்மா கொடுத்தாங்க. சாம்பல் கலர்ப் பொட்டலம். ஒரு மாசம் நல்லாயிருந்தேன். மறுபடி வந்துடுச்சு. அதான், எனக்கு மருந்து கேக்காதுன்னு…"

"ரெண்டு பொட்டலம் கொடுத்திருப்பாங்களே. உனக்கொண்ணு, வீட்டுக்காரருக்கு ஒண்ணு. அவரு சாப்பிட்டாரா?"

துவார்க்கா சேலை நுனியைத் திருகினாள். "எனக்கு எந்த நோவும் இல்லைன்னுட்டாரு. மருந்து வீணாகக் கூடாதில்ல, மேடம்? எங்க ஸர்ஜாவுக்கு அன்னிக்கு வயிறு மந்தமா இருந்துச்சு. வெல்லத்துல வச்சு அதுக்குக் கொடுத்துட்டாரு."

"ஸர்ஜா யாரு?"

"காளை."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டர் நஸீமா ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆக உன் வீட்டுல நீயும் சுத்தமாயிட்டே, காளையும் சுத்தமாயிடுச்சு. பாக்கி ஒருத்தர்தான். அவரு உடம்புல அது சத்தமே போடாம உக்காந்திருக்கும், அவருக்கு ஒரு அரிப்புகூட இருக்காது. உனக்கு ஆறும், அவரு மறுபடி கொடுப்பாரு. உனக்கு மருந்து கேட்டுச்சும்மா. கேக்காதவரு உன் புருஷன். யாரு எங்கிருந்து கொண்டாந்தாங்கன்னு சண்டை போடாதீங்க. வருஷக்கணக்கா உள்ளேயே கிடக்கும், அதுக்குத் தேதி கிடையாது. ரெண்டு பேரும் ஒரே நாள்ல முழுங்குங்க. அப்புறம் ஏழு நாள் தனித்தனியாப் படுங்க. இந்தா."

கையெழுத்து வாங்கப் போனவள் இரண்டு பொட்டலங்களோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை, கோபத்தில். இரண்டு வருட வலி. அது இவ்வளவு சின்ன மாத்திரையில் தீரக்கூடியதாக இருந்திருக்கிறது. அதற்குப் போய் உடம்பையே அறுத்துக் கொடுக்கத் தலையாட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் அங்குஷ் கொட்டிலில் கரும்பு வண்டிக் காளைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். மாடுகளுக்கான பொலா பண்டிகைக்குப் பூசிய கொம்புச் சாயம் இன்னும் போகவில்லை. அவன் நல்லவன்தான். குடித்துவிட்டு அடிப்பவன் இல்லை. ஆனால் நல்ல ஆண்களுக்கும் சில விஷயத்தில் காது அடைத்துக்கொள்ளும்.

"என்னை நோயாளிங்கிறியா?" என்று அவன் வாளியைத் தொப்பென்று வைத்தான். "எவளோட போனேன்னு கேக்குறியா?"

"ஒண்ணும் கேக்கலைங்க. கேக்க வேண்டாம்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க. முழுங்குங்கன்னுதான் சொல்றேன்."

"நோவு உனக்கு, மாத்திரை எனக்கா? ஊரு சிரிக்கும்."

துவார்க்கா தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "ரெண்டு வருஷம் முன்னாடி ராஜாவுக்குக் கோமாரி வந்துச்சே. வாயெல்லாம் புண்ணு. ஸர்ஜா நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க என்ன செஞ்சீங்க? ரெண்டுக்கும் சேர்த்துல்ல மருந்து வாங்கிட்டு வந்தீங்க? நான் ஏன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

அவன் ராஜாவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"'ஒரே தொட்டியில தண்ணி குடிக்குதுங்கடி, ஒண்ணுக்கு மட்டும் பாத்தா எப்படி அடங்கும்'னு சொன்னீங்க. எனக்கு அந்த நியாயம் கிடையாதா?"

அங்குஷ் ராஜாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். துவார்க்கா அவனுடைய பொட்டலத்தைக் கொட்டில் உத்தரத்தில், அவன் கை எட்டுகிற இடத்தில் செருகி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அது அங்கேயே இருந்தது. அவளுடையது அவள் இடுப்பில் இருந்தது. தான் மட்டும் முழுங்குவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்து மாருதி கோயில் முன்னால் நின்றது. பின்சீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி சோனாலி, போன வருடம்தான் முதல் பிள்ளை பெற்றவள். தத்தோபா முகாதம் இறங்கி, பான் எச்சிலைத் துப்பிவிட்டு, "ஏறு துவார்க்கா. கையெழுத்து எங்க?" என்றார்.

"கையெழுத்து இல்லை முகாதம். நான் வரலை."

"என்ன விளையாட்டு இது?"

"என் பைக்கு ஒண்ணும் இல்லை. வாயிலதான் புண்ணு. மருந்துல ஆறிடும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. என் கண்ணாலயே பாத்தேன்."

"கண்ணால பாத்தாளாம்!" என்று முகாதம் கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் குரலை மாற்றினார். "இங்க பாரு, நட்ட நடுவயல்ல வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்தேன்னா அபராதம் யாரு கட்டுவா? அங்குஷ், நீ சொல்லு. இவ வரமாட்டேன்னா கொய்தாவுக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வா. உங்க அண்ணன் கூட்டிட்டு வரலையா?"

அங்குஷ் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் திறப்பதற்குள் கம்புமாவு படிந்த கையோடு ருக்மின் முன்னால் வந்தாள். வீட்டை விட்டு அவள் வெளியே வந்து நின்று ஊர் பார்த்தே வெகுநாள் ஆகிறது.

"என்னைக் கூட்டிட்டுப் போனதும் இதே ஜீப்தான் முகாதம். இதோ இந்த சீட்டுலதான் உக்காந்தேன். எடுத்தா மாடு மாதிரி உழைப்பேன்னீங்க. எடுத்தப்புறம் மாட்டுக்கு இருக்கிற மதிப்பும் எனக்கு இல்லைன்னீங்க. அது என் தப்பா?"

முகாதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"முகாதம்," என்றாள் துவார்க்கா. "முன்பணம் கொடுக்கும்போது நாங்க ரெண்டு பேரும் ஒரே கொய்தா. அபராதம் போடும்போது ஒரே கொய்தா. நோவுன்னு வந்தா மட்டும் நான் தனி ஆளா? ஒரே கொய்தான்னா நோவும் ஒண்ணுதான், மருந்தும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் சேர்ந்து முழுங்கினா சரியாப் போச்சு. அறுக்க வேண்டியது கரும்பைத்தான், என்னை இல்லை."

கூட்டம் அங்குஷைப் பார்த்தது. அங்குஷ் தலையைக் குனிந்தபடி திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தான். "போயிட்டான் பாரு, அவனுக்கே வெக்கமாப் போச்சு" என்றார் முகாதம். அவ்வளவுதான் என்றே துவார்க்கா நினைத்தாள்.

அவன் திரும்பி வந்தான். ஒரு கையில் காளைகளின் தண்ணீர் வாளி. மறு கையில் சாம்பல் கலர்ப் பொட்டலம்.

ஊர் பார்க்கப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான். மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, வாளியைத் தூக்கி மடமடவென்று குடித்தான். மீசையில் தண்ணீர் சொட்ட, துவார்க்காவைப் பார்த்து, "உன்னோடதை எடு. ஒரே நாள்லன்னு சொன்னாங்கல்ல?" என்றான்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்தாள். அதே வாளியில் குடித்தாள்.

"போன வருஷம் இதை ஸர்ஜா தின்னுச்சு" என்று அங்குஷ் முகாதமிடம் சொன்னான். "அதுக்கு ஒண்ணும் ஆகலை. எனக்கும் ஆகாது. காளைக்குக் கொடுத்தா காளைக்குத்தான் சேரும், இவளுக்கு எப்படிச் சேரும்? புத்தி வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நீங்க வேணா முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்க. பக்கத்து ஊரு முகாதம் வண்டி, காளை, ஆளு மூணையும் கையோட கூட்டிட்டுப் போவான்."

முதலில் சிரித்தது ருக்மின். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய சிரிப்பு. கிணற்றடி வரை கேட்டிருக்கும். "காளைக்கா கொடுத்தே? அட பாவி!" என்றாள். அவ்வளவுதான், கூட்டம் முழுதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சோனாலி ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டாள். "என்னையும் மேலதான் பாத்தாங்க, உள்ள பாக்கலை" என்றாள். அடுத்தவளும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள், அதாவது கையில் கொண்டுவந்திருந்த துணிப்பையை. தத்தோபா முகாதம் காலி ஜீப்பில் டவுனுக்குப் போனார். காளையும் வண்டியும் உள்ள கொய்தாவை எந்த முகாதமும் விட மாட்டான். அவரும் விடவில்லை.

தசராவுக்கு முன்னால் துவார்க்கா மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். தனியாக இல்லை, ஒரு டெம்போ நிறையப் பெண்களோடு. டாக்டர் நஸீமா எல்லோரையும் விளக்கு வைத்துப் பார்த்தார். சிலருக்கு மருந்து வேண்டியிருந்தது. சிலருக்கு அதுகூட வேண்டாம், வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருத்திக்கு மட்டும் நிஜமாகவே கட்டி இருந்தது. அவளை மாவட்டத் தலைநகரான பீட்டின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். துவார்க்காவின் முறை வந்ததும் அவளே கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள்.

சீழ் இல்லை. வீக்கம் இல்லை. டாக்டர் திரவத்தைத் தடவிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கேடு இருந்தால் அந்த இடம் வெளுக்குமாம்; எங்கேயும் வெளுக்கவில்லை. "நல்லா இருக்கும்மா. சில வருஷத்துக்கு ஒருதரம் இப்படி வந்து காட்டிட்டுப் போ" என்றார். துவார்க்கா கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ருக்மின் உட்கார்ந்திருந்தாள். எலும்புக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரை மடியில் இருந்தது.

"என்னடி தெரிஞ்சுது?"

"ரோஸ் கலர், அக்கா. பசங்க நாக்கு மாதிரி சுத்தமா."

ருக்மின் மடியிலிருந்த மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னோடதும் அப்படித்தான் ஆகியிருக்கும், இல்ல?" என்றாள்.

துவார்க்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ருக்மின் அழவில்லை. துவார்க்காவின் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "போதும் விடு. அங்க பாரு" என்றாள்.

ஆஸ்பத்திரிச் சுவரோரம் புருஷன்மார்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பொட்டலம் வாங்க வேண்டியவர்கள். டெம்போவின் பின்னாலேயே சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து சேர்ந்தவர்கள், இப்போது ஆளாளுக்கு வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோனாலியின் புருஷன் பொட்டலத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நைசாக வாசல் கேட்டுப் பக்கம் நகர்ந்தான்.

ருக்மின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் கேட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எங்கடா போறே? உன் வீட்டுல காளை ஏதும் காத்திட்டு இருக்கா? இங்கேயே, என் கண்ணு முன்னாடி முழுங்கு!"

அவன் முழுங்கினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் வரிசையாக முழுங்கினார்கள். கடைசி ஆள் முழுங்கி முடிக்கும்வரை ருக்மின் கேட்டை விட்டு நகரவில்லை.